குறை சொல்லும் எக்ஸ் கதிர்கள்

அடுக்களையில் உள்ள அலுமினியப் பாத்திரம் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்? விழுந்த இடத்தில் நெளிந்துவிடும். ஆகாய விமானத்தின் உடலையும் இறக்கையையும் பல பத்தாண்டுகளாக அலுமினியத்தைக் கொண்டுதான் செய்து வந்திருக்கிறார்கள். கீழே விழுந்தாலே நெளியும் உலோகம், நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்துகொண்டு, காற்றின் மோதலையும் தாங்கிக்கொண்டு பறப்பது எப்படி?

“விமானத்தில் இருப்பது தூய அலுமினியம் அன்று; அதில் செம்பு முதலிய உலோகங்கள் கலந்திருக்கின்றன” என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் அது பாதி விடையே. அலுமினியத்துடன் நான்கு சதவீதம் செம்பைக் கலந்து, நன்றாகச் சூடாக்கி, சட்டென்று நீரில் அமிழ்த்தி எடுங்கள். அப்போதும் அது மென்மையாகத்தான் இருக்கும். அதை ஒரு மூலையில் சும்மா வைத்துவிடுங்கள். யாரும் அடிக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். சில நாட்களில் அது தானாகவே கடினமாகிவிடும்!

அந்த உலோகத்துக்குள் என்னதான் நடக்கிறது? இக்கேள்விக்கு விடை கிடைக்க 32 ஆண்டுகள் ஆயின. விடை தந்தவை எக்ஸ் கதிர்கள்.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்

ஜெர்மனியில் பெர்லின் நகருக்கு அருகே ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியல் அறிஞர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது கடினமாகும் என்பது கொல்லர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. அலுமினியக் கலவைகளையும் அவ்வாறே கடினமாக்கலாமா என்று அவர் முயன்றார். செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிர்வித்தார். பயன் எதுவும் தெரியவில்லை.

1906-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமையன்று இத்தகைய துண்டு ஒன்றின் கடினத் தன்மையை அளந்துவிட்டு வீடு திரும்பினார்கள் என்றும், திங்கட்கிழமை மீண்டும் அளந்தபோது அது வெகுவாகக் கூடியிருந்தது என்றும் சொல்லப்படுகிறது. அளவுக் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று ஐயுறத் தோன்றும் நிலை! ஆனால் கருவியில் பிழை இல்லை. உலோகந்தான் மாறியிருந்தது. இக்கலவைக்கு 1909-இல் வில்ம் காப்புரிமை பெற்றார். ‘டூராலுமின்’ என்று பெயர் பெற்ற அது செப்பலின் வான்கப்பல்களின் சட்டங்களாகவும், பின்னர் விமானங்களின் உடலாகவும் ஆயிற்று.

உலோகம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. காரணம் மட்டும் தெரியவில்லை. காரணம் தெரியாத பொருளை நம்பி மனிதர்கள் வானில் பறந்துகொண்டிருந்தார்கள்!

1919-இல் அமெரிக்காவில் மெரிக்கா என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். சர்க்கரைப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான நீரில் சர்க்கரை நிறையக் கரைகிறது. ஆறினால் அதிகப்படியான சர்க்கரை கற்கண்டாகப் பிரிகிறது. அலுமினியத்தில் செம்பும் இப்படித்தான். 548 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஐந்தரைச் சதவீதத்துக்கும் சற்று அதிகமான செம்பு கரைந்திருக்கும். சாதாரண வெப்பநிலையில் அரைச் சதவீதங்கூடக் கரையாது. சட்டென்று குளிர்வித்தால் செம்பு அணுக்கள் பிரிந்துசெல்ல நேரமின்றி அகப்பட்டுக்கொள்கின்றன. பின்பு மெல்ல மெல்ல ஒன்றுகூடி நுண்துகள்களாகின்றன. அத்துகள்களே உலோகத்தைக் கடினமாக்குகின்றன என்றார்கள்.

நல்ல கருத்து. ஆனால் அத்துகள்களை யாரும் பார்த்ததில்லை. மிகச் சிறந்த ஒளி நுண்ணோக்கியிலும் கடினமாகிவிட்ட துண்டு முன்பிருந்தது போலவே தெரிந்தது. ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை இருக்கிறது. (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம்கள் உண்டு.) அதைவிட மிகச் சிறிய பொருளை ஒளியால் காட்ட இயலாது.

குறையா, நிறைவா?

உலோகத்தில் அணுக்கள், அணிவகுப்பில் நிற்கும் மாணவர்களைப் போல வரிசை வரிசையாக நிற்கின்றன. இவ்வொழுங்குக்குப் படிகம் என்று பெயர். ஆனால் எந்த அணிவகுப்பும் முற்றிலும் ஒழுங்காக இருப்பதில்லை. சில இடங்களில் ஆள் இருக்கமாட்டார், இது காலியிடம். சில இடங்களில் ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கும், இது இடப்பிறழ்வு. வேற்று அணுக்கள் கூட்டமாக வந்து புகுந்திருக்கலாம். காலியிடங்கள் பல ஒன்றுகூடிக் குழியாகவும் ஆகலாம். இவற்றையெல்லாம் படிகக் குறைகள் என்பார்கள்.

உலோகம் நெளிவதற்கு இடப்பிறழ்வே காரணம். பெரிய ஜமக்காளம் ஒன்றை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் இழுப்பது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அம்மடிப்பைத் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குச் சென்றால் ஜமக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். இடப்பிறழ்வு அந்த மடிப்பைப் போன்றது. 1934-இல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்னும் மூவர் தனித்தனியே இதை விளக்கினார்கள்.

இப்போது ஜமக்காளத்தின் மேல் ஆங்காங்கே செங்கற்களை வைத்துவிட்டால்? மடிப்பு நகராது. உலோகத்துக்குள் நுண்துகள்கள் செய்வதும் அதுதான். இடப்பிறழ்வு நகராமல் அவை தடுக்கின்றன. உலோகம் நெளிய மறுக்கிறது. ஒரு குறையை மற்றொரு குறையால் அடக்கி வலிமை பெறுகிறோம்!

அத்துகள்கள் எவ்வளவு பெரியவை? என்ன வடிவம்? எத்தனை? இவை தெரிந்தால்தான் வலிமையைக் கணக்கிட முடியும்.

மூச்சுக்காற்றில் ஒரு சோதனை

ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். இரவில் தொலைவில் எரியும் தெருவிளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிறு கண்ணாடித் துண்டின் மேல் வாயால் ஊதி, ஆவி படியச் செய்து, அதன் வழியே விளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தெரியும். மெல்லிய மேகம் கடந்து செல்லும்போது நிலவை ஒட்டித் தெரியும் சிறு ஒளிவட்டமும் இத்தகையதே. நுண்ணிய நீர்த்துளிகளைச் சுற்றி ஒளி அலைகள் வளைந்து சிதறுவதால் இது உண்டாகிறது.

இவ்வட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. துளி சிறியதானால் வட்டம் பெரியது. துளி பெரியதானால் வட்டம் சிறியது. சிதறும் கோணம், அலைநீளத்தைத் துளியின் அளவால் வகுத்தால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஒரு லட்சம் ஆங்ஸ்ட்ராம் என்று கொள்வோம். ஒளியின் அலைநீளம் 5,000 ஆங்ஸ்ட்ராம். வகுத்தால் 0.05 ரேடியன், ஏறத்தாழ 3 டிகிரி. துளியை நேரில் பார்க்காமலே வட்டத்தை அளந்து துளியின் அளவைச் சொல்லிவிடலாம்!

இதே சோதனையை உலோகத்துக்குள் செய்ய வேண்டும். ஒளி உலோகத்தினுள் புகாது; எக்ஸ் கதிர் புகும். செம்பு இலக்கிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். துகளின் அளவு 100 ஆங்ஸ்ட்ராம் என்றால் கோணம் 0.0154 ரேடியன், அதாவது ஒரு டிகிரிக்கும் குறைவு. ஒரு மீட்டர் தொலைவில் படச்சுருளை வைத்தால், மையத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் எல்லாம் அடங்கிவிடும். எனவேதான் இம்முறைக்குச் ‘சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல்’ என்று பெயர்.

1913 முதல் பிராக் தந்தையும் மகனும் வளர்த்த முறையில் எக்ஸ் கதிர்கள் பெரிய கோணங்களில் எதிரொளிக்கின்றன. அவை அணு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்கின்றன. நாற்று நட்ட வயலில் வரிசைகளின் இடைவெளியை அளப்பது போன்றது அது. சிறுகோணச் சிதறலோ தனித்தனி நாற்றைக் கவனிப்பதில்லை. வயலில் எங்கெங்கே திட்டுத் திட்டாக வெறுமையாக உள்ளது, எங்கெங்கே அடர்ந்துள்ளது என்பதைச் சொல்கிறது.

கினியேயின் காமிரா

சிறுகோணச் சிதறலை முதலில் கண்டவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தி. பி. கிருஷ்ணமூர்த்தி என்பவர் கரித்தூள் முதலிய பொருள்களில் மையக் கதிரை ஒட்டி எக்ஸ் கதிர்கள் சிதறுவதை 1930-இல் இந்திய இயற்பியல் இதழில் வெளியிட்டார்.

ஆனால் இதை அளப்பது எளிதன்று. சூரியனுக்கு மிக அருகே உள்ள விண்மீனைப் பகலில் பார்க்க முயல்வது போன்ற வேலை! சிதறாமல் நேரே வரும் கதிர் மிகவும் வலியது. அதை ஒட்டியே மிக மெலிந்த சிதறல் கதிர்கள் இருக்கின்றன. போதாக்குறைக்கு வழியில் உள்ள காற்றும் எக்ஸ் கதிரைச் சிதறடித்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

பிரான்சு நாட்டில் ஆந்த்ரே கினியே என்னும் இளைஞர் இதற்கு வழி கண்டார். 1911-இல் பிறந்த அவர், வளைத்த படிகம் ஒன்றைக் கொண்டு ஒரே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரை மட்டும் பிரித்தெடுத்துக் குவித்தார். கதிர் செல்லும் வழியில் காற்றை வெளியேற்றினார். நேர்க்கதிரை நடுவில் ஒரு சிறு தடுப்பால் மறைத்தார். இப்போது சிதறல் மட்டும் படத்தில் பதிந்தது.

கடினமாகிவிட்ட அலுமினியம்-செம்புக் கலவையை அக்கருவியில் வைத்தார். படத்தில் வட்டமான ஒளிர்வு தோன்றவில்லை. மையத்தை ஒட்டி மெல்லிய கோடுகள் தெரிந்தன! உருண்டையான துகள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சிதறடிக்கும். துகள் ஒரு திசையில் மட்டும் மிக மெல்லியதாக இருந்தால் அத்திசையில் சிதறல் நீண்டுவிடும். அகலமான திசைகளில் குறுகிவிடும். ஆகவே கோடு தெரிந்தால் துகள் தட்டு வடிவமானது என்று பொருள்.

கணக்கிட்டபோது வியப்பு மேலிட்டது. அத்தட்டுகளின் கனம் ஏறத்தாழ ஓர் அணு! அகலம் சில பத்து ஆங்ஸ்ட்ராம்கள் முதல் நூறு ஆங்ஸ்ட்ராம் வரை. நூறு ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள தட்டுகளை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஒரு லட்சம் தட்டுகள் அடங்கும். செம்பு அணுக்கள் அலுமினியப் படிகத்தின் கனசதுர முகங்களுக்கு இணையாக இப்படி ஒற்றை அடுக்காகக் கூடியிருந்தன.

இங்கிலாந்தில் ஜி. டி. பிரெஸ்டன் என்பவரும் தனியே ஆய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரின் கட்டுரைகளும் 1938-இல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. இன்றும் அத்தட்டுகளுக்குக் ‘கினியே-பிரெஸ்டன் மண்டலங்கள்’ என்று பெயர். இப்புதிரை உலகுக்குத் தந்த வில்ம் அவ்விடையைக் காணவில்லை. அவர் 1937-இல் இறந்துவிட்டார்.

வளைகோடு சொல்லும் கணக்கு

கினியே இன்னோர் எளிய விதியையும் தந்தார். மிகச் சிறு கோணங்களில், சிதறலின் வலிமையின் மடக்கையைக் கோணத்தின் இருமடிக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்விலிருந்து துகளின் அளவைக் கணக்கிடலாம். சாய்வு செங்குத்தாக இருந்தால் துகள் பெரியது, படுத்திருந்தால் சிறியது. பத்தாம் வகுப்பில் நீங்கள் வரையும் நேர்கோடு போன்றதுதான் இது. அதைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துகள்களின் சராசரி அளவு தெரிந்துவிடுகிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். துகளிலும் சுற்றுப்புறத்திலும் எலக்ட்ரான் அடர்த்தி வேறுபட்டால்தான் துகள் தெரியும். அலுமினிய அணுவில் 13 எலக்ட்ரான்கள், செம்பில் 29, வெள்ளியில் 47. ஆகவே அலுமினியத்துக்குள் செம்பும் வெள்ளியும் நன்கு தெரிகின்றன. மக்னீசியத்தில் 12, சிலிக்கனில் 14. இவை அலுமினியத்துக்குள் கூடினால் வெள்ளைச் சுவரில் ஒட்டிய வெள்ளைத்தாளைப் போல மறைந்துவிடும்.

பொய்ச் சாட்சி

எக்ஸ் கதிர் எப்போதும் உண்மையே சொல்லுமா? இங்கே ஓர் எச்சரிக்கைக் கதை உண்டு.

உலோகத்தைச் சூடாக்காமல் சுத்தியால் அடித்தோ உருளைகளுக்கு இடையே நசுக்கியோ செய்தால் அதில் சிறுகோணச் சிதறல் அதிகமாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் கண்டார்கள். அடித்ததால் உள்ளே நுண்ணிய குழிகள் உண்டாகியிருக்க வேண்டும் என்று சிலர் விளக்கினார்கள்; இடப்பிறழ்வுகளே சிதறடிக்கின்றன என்றார்கள் வேறு சிலர். கட்டுரைகள் பல எழுதப்பட்டன.

வேறொரு காரணம் மறைந்திருந்தது. இணையாக வைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒளிக்கதிர் ஒன்றை விடுங்கள். முதல் கண்ணாடி அதைத் திருப்பும்; இரண்டாவது கண்ணாடி மீண்டும் பழைய திசைக்கே திருப்பிவிடும். கண்ணாடிகள் சிறிதே சாய்ந்திருந்தால் கதிர் பழைய திசையிலிருந்து சிறிதே விலகிச் செல்லும். அடிபட்ட உலோகத்தில் படிகப் பகுதிகள் ஒன்றுக்கொன்று சற்றே சாய்ந்து கிடக்கின்றன. ஒரு பகுதி திருப்பிய எக்ஸ் கதிரை அடுத்த பகுதி மீண்டும் திருப்பிவிட, அது நேர்க்கதிரை ஒட்டி வந்து விழுகிறது. பார்ப்பவருக்கு அது துகளின் சிதறல் போலவே தோன்றும்! இவ்விரட்டை எதிரொளிப்பே அச்சிதறலின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதை 1959-இல் அமெரிக்காவின் பி. இ. வாரன் முதலியோர் எடுத்துக்காட்டினார்கள். குழிகள் என்று நம்பியவற்றுள் பெரும்பாலானவை குழிகளே அல்ல.

இதிலிருந்து தப்ப வழி உண்டா? உண்டு. அணு வரிசைகளின் இடைவெளியைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அலைநீளமுள்ள கதிரைப் பயன்படுத்தினால் பிராக் எதிரொளிப்பே நிகழாது. அலுமினியத்தில் மிகப் பெரிய இடைவெளி 2.34 ஆங்ஸ்ட்ராம். எனவே 4.68-க்கு மேற்பட்ட அலைநீளம் வேண்டும். அத்தகைய எக்ஸ் கதிரை உலோகமே விழுங்கிவிடும். ஆனால் அவ்வலைநீளமுள்ள மெதுவான நியூட்ரான்கள் எளிதில் ஊடுருவும். சிறுகோண நியூட்ரான் சிதறல் என்னும் முறை உலோக ஆய்வில் செல்வாக்குப் பெற்றதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிதறலின் வலிமை, அடர்த்தி வேறுபாட்டின் இருமடியைப் பொறுத்தது. வேறுபாடு கூடுதலா குறைவா என்பது இருமடியாக்கும்போது மறைந்துவிடுகிறது. ஆகவே திரண்ட துகளும் வெறுங்குழியும் ஒரே மாதிரி சிதறடிக்கும்! எது என்று அறிய வேறு சான்றுகளும் வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றுள் ஒன்று. அது ஒரு மெல்லிய சீவலில் உள்ள சில துகள்களை நேரே காட்டும்; சிதறல் முறை ஒரு பெருங்கூட்டத்தின் சராசரியைச் சொல்லும். ஒன்று கண்; மற்றொன்று மக்கள்தொகைக் கணக்கு. இரண்டும் தேவை.

அணு உலையில் வீங்கும் எஃகு

குழிகள் மெய்யாகவே உண்டாகும் இடமும் உண்டு. ஸ்காட்லாந்தில் டூன்ரே என்னுமிடத்தில் இருந்த வேக அணு உலையின் எரிபொருளைச் சுற்றியிருந்த துருப்பிடிக்கா எஃகுக் குழாய்களில், நுண்ணிய குழிகள் நிறைந்திருப்பதைக் காதார்ன், ஃபுல்டன் என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 1967-இல் வெளியிட்டார்கள். வேக நியூட்ரான்கள் அணுக்களை மோதித் தத்தம் இடத்திலிருந்து அகற்றுகின்றன. அவ்வாறு உண்டாகும் காலியிடங்கள் ஒன்றுகூடிக் குழிகளாகின்றன. ரொட்டி மாவு புளித்து உப்புவது போல எஃகு வீங்குகிறது! குழாய் வீங்கினால் குளிர்விக்கும் திரவம் செல்லும் வழி குறுகும். எரிபொருள் கட்டுகள் வளைந்து ஒன்றையொன்று நெருக்கும்.

இது நமக்கும் தொடர்புள்ள செய்தி. கல்பாக்கத்தில் உள்ள வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. இத்தகைய உலைகளுக்காகவே டைட்டானியம் கலந்த சிறப்பு எஃகு வகைகளை அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து வந்துள்ளனர். டைட்டானியமும் கார்பனும் கூடி உண்டாகும் நுண்துகள்கள் காலியிடங்களைத் தம்மிடம் இழுத்துக்கொண்டு, பெருங்குழிகள் வளராமல் தடுக்கின்றன. இங்கும் குறையைக் குறைதான் அடக்குகிறது!

காலம் வளர்க்கும் வலிமை

அலுமினியத்துக்கே திரும்புவோம். தட்டுகள் வளரக் காலமும் வெப்பமும் வேண்டும் என்று தெரிந்தபின் பல செயல்களுக்குக் காரணம் விளங்கியது. விமானத் தொழிற்சாலைகளில் சிலவகை ரிவெட் ஆணிகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, எடுத்தவுடன் அடித்துவிடுவார்கள். ஏன்? குளிரில் செம்பு அணுக்கள் நகரா. ஆணி மென்மையாகவே இருக்கும். அடித்து முடித்தபின் விமானத்திலேயே அது கடினமாகிக்கொள்ளும்.

வெப்பம் மிகுந்தால் ஆபத்தும் உண்டு. தட்டுகள் வளர்ந்து சில பெருந்துகள்களாகிவிட்டால் இடையே வழி அகன்றுவிடும். இடப்பிறழ்வுகள் மீண்டும் நழுவும். உலோகம் வலிமை இழக்கும். 1976 முதல் 2003 வரை மக்களை ஏற்றிப் பறந்த கான்கார்டு விமானம் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தோடு நின்றுகொண்டதற்கு, காற்று உராய்ந்து அதன் அலுமினிய உடல் சூடேறுவதே முக்கியக் காரணம்.

கடைசியாக ஒரு சுவையான செய்தி. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த முதல் விமானத்தின் எஞ்சின் உறை, எட்டுச் சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. அதிலிருந்து எடுத்த சிறு துணுக்கைக் கேல், குட்வே என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1994-இல் முடிவை வெளியிட்டனர். அதற்குள்ளும் கினியே-பிரெஸ்டன் மண்டலங்கள் இருந்தன! வில்ம் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, எவரும் அறியாமல், அத்தட்டுகள் மனிதனின் முதல் பறத்தலுக்குத் துணை நின்றிருக்கின்றன.

இனி வானில் விமானம் ஒன்று செல்வதைக் கண்டால், அதன் இறக்கையில் மறைந்திருக்கும் எண்ணற்ற நுண்ணிய குறைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் கண்ணாடியில் ஊதித் தெருவிளக்கைப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள். வட்டத்தின் அகலத்தை அளந்து, உங்கள் மூச்சுக்காற்றின் துளி எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்களேன்!